மலை, கரடு, கண்மாய்: குவாரியும் சுரங்கமும் வராமல் காக்கும் விதிகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்ப் பக்கத்து மலையில் குவாரி வரப்போகிறது என்று காதில் விழுந்ததும் மக்கள் முதலில் கேட்பது, "இதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறதா?" என்பதைத்தான். சட்டங்கள் நிறையவே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட நிலத்துக்கு, ஒரு குறிப்பிட்ட தொழிலுக்கு, ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு மட்டுமே பேசுகிறது. உங்கள் சர்வே எண் எந்த விதியின் எந்த வரிக்குள் வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. தமிழ்நாட்டு விதிகளை வைத்து இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊர் மலையைக் காப்பாற்ற எந்தச் சட்டத்தைப் பிடிப்பது?

எடுக்கப்போவது என்ன கனிமம் என்று முதலில் கேளுங்கள். கட்டுமானக் கல், ஜல்லி, கிராவல், சாதாரண மணல், கிரானைட் எல்லாம் சிறுகனிமங்கள். 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 15ஆம் பிரிவு, இவற்றுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுத்திருக்கிறது. அப்படி வந்ததுதான் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959. ஊர்ப்புறத்தில் நாம் பார்க்கும் குவாரிகள் அநேகமாக எல்லாம் இதன்கீழ் வருபவை. கோப்பு நகர்வது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் அங்குள்ள கனிமவளத் துறை உதவி இயக்குநர் அல்லது துணை இயக்குநர் அலுவலகத்திலும்.

டங்ஸ்டன், லித்தியம், கிராஃபைட் போன்றவை வேறு கதை. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் 24 கனிமங்களை முக்கியக் கனிமங்கள் என்று தனிப் பட்டியலில் வைத்து, அவற்றை ஏலம் விடும் உரிமையை ஒன்றிய அரசிடமே கொடுத்துவிட்டது. வருவாய் மாநிலத்துக்கு வரும். யாருக்கு, எங்கே என்று முடிவு செய்வது டெல்லி. ஆட்சியரிடம் மட்டும் மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், ஏலம் முடிந்த பிறகுதான் விஷயம் தெரியவரும்.

கேள்வி: வீடுகளிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. சிறுகனிம விதிகளின் 36ஆம் விதியில் இருக்கிறது. குடியிருப்புப் பகுதியிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குப் புதிய குத்தகை தரக்கூடாது. ரயில் பாதை, நீர்த்தேக்கம், கால்வாய் ஆகியவற்றின் எல்லையிலிருந்து 50 மீட்டர் விட வேண்டும். இவை தவிர, சுரங்கத் திட்டத்தில் பக்கத்துப் பட்டா நிலத்துக்கு 7.5 மீட்டரும் புறம்போக்குக்கு 10 மீட்டரும் பாதுகாப்பு இடைவெளி காட்டியிருக்க வேண்டும்.

இதில் வழுக்கும் இடம் "குடியிருப்புப் பகுதி" என்ற சொல். விதி அதற்கு விளக்கம் வைத்திருக்கிறது. வருவாய்ப் பதிவேட்டில் கிராம நத்தமாகவோ வீட்டு மனையாகவோ பதிவானது, அல்லது உள்ளாட்சி அமைப்போ நகர் ஊரமைப்பு அமைப்போ அங்கீகரித்த மனைப்பிரிவு என்பதே அந்த விளக்கம். தோட்டத்துக்குள் கட்டி மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் வீடு, பட்டாவில் புன்செய் என்றே இருந்தால் அது எண்ணிக்கையில் வராது என்று வாதிடுவார்கள். அப்படிப்பட்ட வீடுகளுக்கு வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு ஆவணம், குடும்ப அட்டை இவற்றின் நகல்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆட்சேபம் எழுத வேண்டும். இவை இருந்தால் விதி உடனே பொருந்திவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே ஆள் குடியிருப்பது கோப்பில் ஏறும். சுற்றுச்சூழல் அனுமதியைப் பரிசீலிப்பவர்கள் அதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டிவரும்.

கேள்வி: விண்ணப்பத்தில் "300 மீட்டருக்குள் வீடு இல்லை" என்று எழுதியிருக்கிறது. எப்படிச் சரிபார்ப்பது?

சுற்றுச்சூழல் அனுமதிக் கோப்பில் இரண்டு தாள்களைத் தேடுங்கள். ஒன்று, கிராம நிர்வாக அலுவலர் தரும் 300 மீட்டர் சான்று. மற்றொன்று, கனிமவளத் துறை உதவி இயக்குநர் தரும் 500 மீட்டர் கடிதம். சுற்றிலும் 500 மீட்டருக்குள் நடக்கும் குவாரிகள், முடிந்த குவாரிகள், விண்ணப்பத்தில் இருப்பவை என்று அதில் பட்டியல் இருக்கும். இரண்டும், சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்களுக்கான ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில், விண்ணப்பத்தோடு ஏற்றப்பட்ட ஆவணங்களில் கிடைக்கும்.

அதே இடத்தில் குத்தகை எல்லையை வரைபடத்தில் காட்டும் கே.எம்.எல். கோப்பும் இருக்கும். அதைப் பதிவிறக்கி கூகுள் எர்த்தில் திறந்தால் குத்தகை எல்லை கோடாக விழும். அளவுகோல் கருவியை எடுத்து, குழியின் நடுவிலிருந்து அளக்காமல் குத்தகை எல்லையின் ஓரத்திலிருந்து கடைசி வீட்டுக்கு அளந்து பாருங்கள். 340 மீட்டர் என்று எழுதிய தூரம் 260 ஆகச் சுருங்குவது இந்த இடத்தில்தான் தெரியும், ஏனென்றால் எங்கிருந்து அளந்தோம் என்பதைச் சான்று சொல்லாமல் விட்டுவிடும். கோடு வேறு மலையில் விழுந்தாலும், பக்கத்து ஓடையைத் தாண்டி விழுந்தாலும் அதுவும் ஒரு ஆட்சேபம்தான். திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) அச்செடுத்து மனுவோடு இணையுங்கள்.

கூடவே தமிழ்நில இணைய சேவையில் அ-பதிவேடும் (நில வகைப்பாட்டுப் பதிவேடு) புலப்படமும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) எடுத்துக்கொள்ளுங்கள். சர்வே எண்ணுக்கு எதிரே "மலை", "கரடு", "ஓடை", "மேய்ச்சல்", "கல்லாங்குத்து" என்று என்ன வகைப்பாடு போட்டிருக்கிறது என்பதில் பாதி வழக்கு அடங்கியிருக்கும். உட்பிரிவு எண்ணை விட்டுவிடாதீர்கள். 112/1 மலையாகவும் 112/2 ஓடையாகவும் இருக்கலாம்.

கேள்வி: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் தூரத்துக்குக் குவாரி கூடாது அல்லவா?

2021 நவம்பரில் வந்த அரசாணை 295 அப்படித்தான் சொன்னது. தேசியப் பூங்கா, வனவிலங்குச் சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம், காப்புக்காடு ஆகியவற்றின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குவாரியும் கிரஷரும் கூடாது என்று 36ஆம் விதியில் சேர்த்தது. 2022 டிசம்பரில் அரசாணை 243 அந்த வரியிலிருந்து "காப்புக்காடு" என்ற ஒரே ஒரு சொல்லை எடுத்துவிட்டது. தமிழ்நாட்டுக் காடுகளில் பெரும்பகுதி காப்புக்காடுதான்; சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை அதில் ஒரு பங்குதான். அந்த ஒரு சொல் போனதில் எத்தனை மலையடிவாரங்கள் வெளியே வந்துவிட்டன என்பதை வனத்துறை வரைபடத்தைப் பார்க்கும் எவரும் உணர்வார்கள். பழைய அரசாணையை மட்டும் மேற்கோள் காட்டி இன்றும் மனுக்கள் எழுதப்படுகின்றன. அவை ஒரே வரியில் நிராகரிக்கப்படுகின்றன.

சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் வலுவான பாதுகாப்பு உச்ச நீதிமன்றத்திடமிருந்து வருகிறது. 2022 ஜூன் 3 தீர்ப்பைப் பல விஷயங்களில் தளர்த்திய 2023 ஏப்ரல் 26 ஆணையும், இவற்றுக்குள்ளும் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளும் சுரங்கம் கூடாது என்பதை அப்படியே வைத்துக்கொண்டது. ஆகவே உங்கள் பக்கத்துக் காடு எது என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம், அரசிதழ் அறிவிக்கையின் எண்ணையும் தேதியையும் வாங்குங்கள்.

கேள்வி: பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்துவிட்டால் பிறகு பயமில்லையா?

அரிட்டாபட்டியைப் பார்த்தால் பதில் கிடைக்கும். மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரு கிராமங்களிலும் சேர்த்து 193.21 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கை ஊற்றுகள், 3 தடுப்பணைகள் என்று அரசின் குறிப்பே கணக்குச் சொல்கிறது. லகர் வல்லூறு உட்பட சுமார் 250 வகைப் பறவைகள், எறும்புத்தின்னி, தேவாங்கு, சமணர் படுக்கை, தமிழிக் கல்வெட்டு, குடைவரைக் கோயில் எல்லாம் அங்கே இருக்கின்றன. பாறைமேல் விழும் மழை மண்ணுக்குள் போக வழியில்லாமல் வழிந்து, சுனையில் தங்கி, மிச்சம் ஆனைகொண்டான் கண்மாய்க்கு இறங்குகிறது. பாறையை உடைத்தால் கண்மாய்க்கு வரத்து போய்விடும். மலையும் வயலும் ஒரே அமைப்பு என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வது இதைத்தான்.

இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பர் 7 அன்று, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் 2,015.51 ஹெக்டேர் ஏலம் போனது. ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் எடுத்தது. பாரம்பரியத் தலம் அந்தத் தொகுதிக்குள்ளேயே இருந்தது. எப்படி? பல்லுயிர் பாதுகாப்புச் சட்டம், 2002இன் 37ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்துகொண்டு தலத்தை அறிவிக்கவும், அதை நிர்வகிக்க விதி வகுக்கவும் மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. "இங்கே சுரங்கம் கூடாது" என்ற வாக்கியம் அந்தப் பிரிவில் இல்லை. ஏலம் விடுபவர் பார்க்கும் வரைபடத்தில் தலத்தின் எல்லை ஏறியிருக்கிறதா என்று உறுதிசெய்யும் கடமையும் அதில் யாருக்கும் தரப்படவில்லை.

பிறகு நடந்ததும் கற்க வேண்டிய பாடம். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. டிசம்பர் இறுதியில், தலம் இருக்கும் பகுதியை மட்டும் விட்டுவிட்டு எல்லையைத் திருத்தும்படி புவியியல் ஆய்வு நிறுவனத்தை ஒன்றிய அமைச்சகம் கேட்டுக்கொண்டது. தலம், தொகுதியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அந்தப் பத்தில் ஒன்றை வெட்டிவிட்டு மீதி ஒன்பதில் தோண்டினால் நீர்வரத்து என்னவாகும் என்று ஊர்கள் கேட்டன. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மதுரைக்கு நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் முழுவதுமாக ரத்தானது.

ஆகவே, உங்கள் ஊரில் பாரம்பரியத் தலம் கேட்பதென்றால் மூன்று விஷயங்களை விடாதீர்கள். எல்லையைக் குன்றோடு நிறுத்தாமல் நீர் வந்து சேரும் பரப்பு முழுவதற்கும் கேளுங்கள். அறிவிக்கையில் சர்வே எண்களின் அட்டவணை இருக்க வேண்டும். அறிவித்ததும் அதன் நகலைக் கனிமவளத் துறைக்கும் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை வைத்துக்கொள்ளுங்கள். முதல் படி, ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும்தான். அந்தப் பதிவேடு பல ஊர்களில் நிரப்பப்படாமல் அலமாரியில் இருக்கிறது, எடுத்து நிரப்புங்கள்.

கேள்வி: காவிரி டெல்டா முழுவதும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். அங்கே எதையும் தோண்ட முடியாது, சரிதானே?

அப்படி இல்லை. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் தடைசெய்யப்பட்ட புதிய தொழில்களின் பட்டியல் இருக்கிறது. எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு ஆகியவற்றுக்கான ஆய்வும் துளையிடலும் எடுப்பும், துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்காலைகளும் அதில் அடக்கம். சட்டம் வருமுன்பே நடந்துகொண்டிருந்தவற்றை அது தொடவில்லை. ஆற்றுமணலும் சவுடு மண்ணும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்குச் சிறுகனிம விதிதான்.

2023 மார்ச் இறுதியில் நிலக்கரி அமைச்சகம் விட்ட ஏல அறிவிப்பில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்ற பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் இருந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரல் 8 அன்று மூன்றும் நீக்கப்பட்டன. மாநிலச் சட்டம் இருந்தும் ஏலப் பட்டியலில் பெயர் ஏறியது என்பதைக் கவனியுங்கள். நிலக்கரி அமைச்சகத்தின் ஏல அறிவிப்புகளை யாராவது தொடர்ந்து படித்தே ஆக வேண்டும்.

கேள்வி: முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) நிலப்பயன்பாடு போடும்போதே தடுக்க முடியாதா?

முடியும், ஆனால் இந்த வழியை யாரும் பயன்படுத்துவதில்லை. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971, "அபிவிருத்தி" என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே சுரங்க வேலையும் அடங்கும். வரைவு முழுமைத் திட்டம் வெளியானால் ஆட்சேபம் சொல்ல 2 மாதமாவது தர வேண்டும். அந்த 2 மாதத்தில் உங்கள் மலையும் ஓடையும் எந்த வண்ணத்தில் காட்டப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். "விவசாயம்" என்று பொதுவாகப் போட்டு விட்டிருந்தால், எந்தெந்தத் தொழிலுக்கு அந்த மண்டலத்தில் இடமுண்டு என்ற பட்டியலில் குவாரி நுழைந்திருக்கலாம். சர்வே எண் வாரியாக எழுதி, அதை நீர்நிலை அல்லது பாதுகாப்பு மண்டலமாக மாற்றக் கேளுங்கள்.

மலை வட்டாரங்களில் ஹாக்கா என்று எல்லோரும் சொல்லும் மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதியும் தேவை. 1990இல் அமைந்தது. எந்தெந்த வருவாய்க் கிராமங்கள் அதில் வரும் என்று அரசாணைப் பட்டியல் உண்டு. கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண் ஆழமாகத் தோண்டப்பட்டு, யானை போகும் பாதையே குழியாகிப்போனபோது, அந்த ஊர்கள் ஹாக்கா பட்டியலில் இருப்பதும் வழக்கில் பேசப்பட்டது. 2021இல் சூளைகள் மூடப்பட்டன. பட்டியலில் பெயர் இருந்தும், போன மண் திரும்பி வரவில்லை.

கேள்வி: எல்லாக் குவாரியும் 5 ஹெக்டேருக்குக் கீழேயே இருக்கிறதே, ஏன்?

2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 5 ஹெக்டேருக்குக் குறைவான குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. ஆனாலும் 5 ஹெக்டேர் வரை என்றால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் மக்கள் கருத்துக் கேட்பும் இல்லாமலே அனுமதி கிடைக்கும். அதனால்தான் ஒரே குன்றை 4.80, 4.95, 4.60 என்று துண்டு போடுகிறார்கள்.

இதற்கான மருந்து "தொகுப்பு" விதி. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 2006க்கு வந்த 2016 ஜூலைத் திருத்தத்தின்படி, ஒரே வகைக் கனிமப் பகுதியில் ஒரு குத்தகையின் எல்லைக்கும் அடுத்ததன் எல்லைக்கும் இடைவெளி 500 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் அவை ஒரே தொகுப்பு. மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் அறிக்கையும் கருத்துக் கேட்பும் வந்தாக வேண்டும். 2013 செப்டம்பர் 9க்கு முன் தரப்பட்ட குத்தகைகள் கணக்கில் சேராது. மேலே சொன்ன 500 மீட்டர் கடிதத்தை எடுத்து, ஒவ்வொரு குத்தகையின் பரப்பையும் தேதியையும் கூட்டிப் பாருங்கள். நடந்துகொண்டிருக்கும் ஒரு குவாரி கடிதத்தில் விடுபட்டிருந்தால், அந்த ஒரு விடுபடலே மொத்தத்தை 5க்குக் கீழே இழுத்திருக்கும்.

கேள்வி: கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எப்படிப் பேசினால் பயன்?

அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையே குறைந்தது 30 நாள் தர வேண்டும். வரைவு அறிக்கையும் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம் போன்ற இடங்களில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். முதல் வாரத்திலேயே போய்க் கேளுங்கள். இல்லையென்று சொன்னால், இல்லை என்று எழுதி வாங்குங்கள், அல்லது நீங்களே மனுவாக எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

கூட்டத்தில் "குவாரி வேண்டாம்" என்ற கோஷம் பதிவேட்டில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். "அறிக்கையின் இந்தப் பக்கத்தில் ஓடை இல்லை என்கிறீர்கள், புலப்படத்தில் இந்தச் சர்வே எண்ணில் ஓடை இருக்கிறது, இதோ நகல்" என்று ஒருவர் ஒரு விஷயம் மட்டும் பேசினால், அதற்கு விண்ணப்பதாரர் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். பேசியதை எழுத்திலும் கொடுங்கள். முடிவில் கூட்டக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது அந்த 2006 அறிவிக்கையிலேயே இருக்கிறது, வாசிக்கும்வரை கலையாதீர்கள். பெரும்பாலான ஊர்களில் இந்த இடத்தில்தான் கூட்டம் கலைந்துவிடுகிறது.

ஒரு பின்னடைவையும் சொல்லியாக வேண்டும். 2025 செப்டம்பர் 8 தேதியிட்ட ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் குறிப்பாணை, அணுக்கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. டங்ஸ்டன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. யாருடைய நிலத்துக்கு அடியில் தோண்டுகிறார்களோ அந்த மக்களைக் கேட்காமலே தோண்டலாம் என்பது எங்கள் பார்வையில் பெரிய அநியாயம்.

கேள்வி: கிராமசபைத் தீர்மானம் போட்டால் போதுமா?

அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதி தமிழ்நாட்டில் இல்லாததால், கிராமசபையின் மறுப்பு தன்னாலே குத்தகையை நிறுத்தாது. காட்டு நிலமாக இருந்து, வன உரிமைச் சட்டம், 2006இன்படி உரிமை உள்ள மக்கள் இருந்தால் நிலைமை மாறும். ஒடிசாவின் நியாம்கிரியில் 2013இல் உச்ச நீதிமன்றம் கிராமசபைகளிடம் கேட்கச் சொன்னது, 12 கிராமசபைகளும் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன. மற்ற இடங்களில் தீர்மானம் ஒரு சான்று. அதை வெறும் எதிர்ப்பாக எழுதாமல், சர்வே எண், கண்மாயின் பெயர், பாசனப் பரப்பு, வீடுகளின் எண்ணிக்கை இவற்றோடு எழுதினால் பிறகு பசுமைத் தீர்ப்பாயத்தில் உதவும்.

கேள்வி: எந்தக் கட்டத்தில் ஆட்சேபம் சொன்னால் பலிக்கும்?

எவ்வளவு முன்னால் போகிறீர்களோ அவ்வளவு. எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது மாவட்டக் கள ஆய்வறிக்கை. எங்கே கனிமம் எடுக்கலாம், எங்கே கூடாது என்று சொல்லும் அறிக்கை அது. 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வரைவை ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்ட இணையதளத்திலும் 21 நாள் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். அந்த 21 நாளில் ஊரிலிருந்து ஒரு கடிதம்கூடப் போகாத மாவட்டங்கள்தான் அதிகம் இருக்கும்.

அதற்கடுத்து, அரசு நிலமென்றால் மாவட்ட அரசிதழில் ஏல அறிவிப்பு. பட்டா நிலமென்றால் நில உரிமையாளர் விண்ணப்பம். பிறகு பரப்பைக் குறிப்பிட்டு ஆட்சியர் தரும் கடிதம், சுரங்கத் திட்ட ஒப்புதல், சுற்றுச்சூழல் அனுமதி, கடைசியில் குத்தகைப் பத்திரம். எந்தக் கட்டத்தில் கோப்பு இருக்கிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். "குவாரி பற்றிய தகவல் தருக" என்று கேட்டால் பதில் வராது. சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, 300 மீட்டர் சான்றின் நகல், 500 மீட்டர் கடிதத்தின் நகல், ஒப்புதலான சுரங்கத் திட்டத்தின் நகல் என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். இனி?

சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். அனுமதி ஆணை உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். 90 தாண்டினால் தீர்ப்பாயத்தால் மன்னிக்கவே முடியாது. நல்ல வழக்குகள் பல இந்த ஒரே காரணத்தால் கதவருகிலேயே விழுந்திருக்கின்றன. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். அனுமதி நிபந்தனையை மீறுவது போன்ற பிற பிரச்சினைகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் 6 மாத அவகாசம் உண்டு.

கேள்வி: தொல்லியல் சின்னம் இருக்கும் குன்றுக்கும் கடற்கரைக்கும் தனி விதி உண்டா?

உண்டு. ஒன்றியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னமென்றால், எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. இது சுரங்கத்துக்கும் பொருந்தும். மாநிலத் துறையின் சின்னங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அவற்றுக்குச் சட்டம் வேறு. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் மணலும் பாறையும் எடுப்பதற்குத் தடை. அந்த மண்டலத்துக்கு வெளியே கிடைக்காத அரிய கனிமங்களுக்கு விலக்கு உண்டு.

கேள்வி: குவாரிக்குப் பக்கத்தில் மனை விற்கிறார்கள். வாங்கலாமா?

36ஆம் விதி இருபக்கமும் வெட்டும். நடந்துகொண்டிருக்கும் குவாரியிலிருந்து 300 மீட்டருக்குள் புதிய மனைப்பிரிவுக்கோ கட்டட வரைபடத்துக்கோ கனிமவளத் துறையின் முன் அனுமதி இல்லாமல் ஒப்புதல் தரக்கூடாது. மனை விற்பவரிடம் நகர் ஊரமைப்பு ஒப்புதல் எண்ணோடு அந்தத் தடையின்மைக் கடிதத்தையும் கேளுங்கள். ஒப்புதல் இல்லாத மனையில் வீடு கட்டிக் குடியேறினால், பிறகு குவாரியைப் புதுப்பிக்கும்போது உங்கள் வீடு "குடியிருப்பு" என்ற கணக்கில் வருமா என்பதே சண்டையாகிவிடும்.